தூய நிலக்கரித் தொழில்நுட்பத்தை உண்மையில் வாங்குவது யார்?

வாசகர் கேள்வி, 3 ஆகஸ்ட் 2025

தூய நிலக்கரித் தொழில்நுட்பச் சந்தை அடுத்த பத்தாண்டில் நன்றாக வளரும் என்று ஒரு சந்தை அறிக்கையின் சுருக்கத்தில் படித்தேன். இன்னொரு பக்கம் நிலக்கரியின் கதை முடிந்தது என்கிறார்கள். இரண்டும் எப்படி உண்மையாக இருக்க முடியும்? நீங்கள் பாய்லர் பக்கம் வேலை பார்த்தவர் என்பதால் கேட்கிறேன். முழு அறிக்கையை வாங்க என்னிடம் காசில்லை.

3 ஆகஸ்ட் 2025, இரவு

வாங்காததே நல்லது. அந்த மாதிரி அறிக்கைகளில் நாலு வேறு வேறு சரக்கை ஒரே மூட்டையில் கட்டி "தூய நிலக்கரி" என்று சீட்டு ஒட்டியிருப்பார்கள். உயர் அழுத்த, உயர் வெப்பப் பாய்லர் ஒன்று. புகையைக் கழுவும் கருவிகள் இரண்டு. நிலக்கரியை வாயுவாக்கி எரிக்கும் ஐஜிசிசி மூன்று. புகையிலிருந்து கரியமில வாயுவைப் பிடித்து மண்ணுக்குள் அனுப்புவது நான்கு.

முதல் இரண்டும் கப்பல் கப்பலாக விற்ற சரக்கு. பின்னிரண்டும் பெரும்பாலும் விளக்கக்காட்சிகளில் விற்றவை. நாலையும் கூட்டி ஒரு வளர்ச்சி விகிதம் போட்டால் அது எதற்கும் பொருந்தாது.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தச் சந்தையில் வாங்குபவர் மின்நிலையம் இல்லை. மின்நிலையத்தை வாங்க வைக்கும் சட்டம்தான் வாங்குகிறது. சட்டம் கடிக்கிற இடத்தில் விற்கும். கடிக்காத இடத்தில் எவ்வளவு நல்ல கருவியானாலும் தூசி படிந்து கிடக்கும்.

4 ஆகஸ்ட் 2025

பாய்லர் என்றால் என்ன விற்கிறார்கள் என்று அந்த வாசகர் கேட்டிருந்தார்.

தண்ணீரை 221 பார் அழுத்தத்துக்கும் 374 டிகிரிக்கும் மேலே கொண்டுபோனால் கொதிப்பது என்ற சங்கதியே இல்லாமல் போகும். நீர், நீராவி என்ற எல்லை அழிந்துவிடும். அதற்குக் கீழே ஓடுகிற பாய்லர் சப்கிரிட்டிக்கல். மேலே ஓடுவது சூப்பர்கிரிட்டிக்கல். இன்னும் சூடாக, 600 டிகிரியை ஒட்டி ஓட்டினால் அல்ட்ரா சூப்பர்கிரிட்டிக்கல் என்பார்கள். பழைய சப்கிரிட்டிக்கல் நிலையங்களில் நிலக்கரியின் சக்தியில் சுமார் 35 சதவீதம் மின்சாரமாகும். நல்ல அல்ட்ராவில் 45ஐத் தொடலாம். செயல்திறனில் ஒரு புள்ளி ஏறினால் கரியமில வாயு இரண்டு மூன்று சதவீதம் குறையும்.

ஷாங்காயின் வைகாவ்ச்சியாவ் மூன்றாம் நிலையம் 2008இல் வந்தது, ஆயிரம் மெகாவாட் அலகுகள் இரண்டு. ஒரு யூனிட் மின்சாரத்துக்கு 276 கிராம் தர நிலக்கரி (எந்தக் கரியானாலும் ஒரே வெப்ப மதிப்புக்கு மாற்றி எண்ணுவது) என்ற கணக்கை வைத்து உலகையே திரும்பிப் பார்க்க வைத்தார்கள். அப்புறம் அன்ஹுயி மாகாணத்தின் பிங்ஷான் இரண்டாம் கட்டத்தில் 1,350 மெகாவாட் ஒற்றை அலகு. அங்கே டர்பைனின் ஒரு பாதியைத் தூக்கிப் பாய்லரின் உயரத்திலேயே வைத்துவிட்டார்கள். காரணம் வேடிக்கையானது. அந்த வெப்பத்தைத் தாங்கும் குழாய் அவ்வளவு விலை. குழாயின் நீளத்தைக் குறைக்க டர்பைனையே மேலே ஏற்றினார்கள்.

இதையெல்லாம் புதிது என்று நினைக்க வேண்டாம். உலகின் முதல் சூப்பர்கிரிட்டிக்கல் நிலையம் அமெரிக்காவின் எடிஸ்டோன், 1959-60 வாக்கில்.

5 ஆகஸ்ட் 2025

தப்பு. முதலாவது ஒஹாயோவின் ஃபிலோ ஆறாம் அலகு, 1957. 125 மெகாவாட். எடிஸ்டோன் அடுத்தது. ஆனால் அதன் துணிச்சலுக்காகவே அது என் நினைவில் முதலில் வந்து நிற்கிறது. 649 டிகிரி, சுமார் 345 பார் என்று வடிவமைத்தார்கள். உலோகம் தாங்காமல் பின்னால் வெப்பத்தையும் அழுத்தத்தையும் குறைத்துத்தான் ஓட்டினார்கள். இன்றைய அல்ட்ரா நிலையங்களே அதன் கீழேதான் நிற்கின்றன.

9 ஆகஸ்ட் 2025

உலோகம் என்றதும் ஒரு பழைய கதை. சந்தைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்கள் இந்தக் குறிப்பைத் தாண்டிப் போகலாம்.

நான் வெல்டிங் பரிசோதகனாக இருந்தேன். முதன்மை நீராவிக் குழாய் பி91 எஃகு. ஒன்பது சதவீதம் குரோமியம், கொஞ்சம் மாலிப்டினம், இம்மியளவு வனேடியமும் நியோபியமும். அந்த எஃகு இல்லாவிட்டால் இந்த வெப்பநிலைகளை எட்டியிருக்கவே முடியாது. ஆனால் அதைப்போல முரண்டு பிடிக்கும் எஃகையும் நான் பார்த்ததில்லை. சூடாக்கி வைத்து வெல்டு பண்ண வேண்டும். முடித்ததும் மெதுவாக நூறு டிகிரிக்குக் கீழே ஆறவிட வேண்டும். அதற்குப் பிறகுதான் 750 டிகிரிக்கு மறுபடி ஏற்றி, மணிக்கணக்கில் வைத்து, இறக்க வேண்டும். நடுவில் அந்த ஆறவிடும் படியைத் தாண்டினால் உள்ளே மாறாமல் மிச்சமிருக்கும் உலோகம் கடைசியில் குளிரும்போது கண்ணாடி மாதிரி முறுகிவிடும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. பளபளவென்று அழகாக இருக்கும்.

ஒரு நாள் காலை கடினத்தன்மை சோதித்தேன். 250க்குள் இருக்க வேண்டியது 340 காட்டியது. கருவிதான் கோளாறு என்று இன்னொரு கருவி வாங்கி வந்து சோதித்தேன். 338. வெப்பப் பதிவுத் தாளை எடுத்து விரித்தேன். மை கோடு ராத்திரி இரண்டு மணிக்கு 210 டிகிரி வரை இறங்கி, அங்கிருந்து நேராக மேலே ஏறியிருந்தது. யாரோ அவசரப்பட்டு ஆறுவதற்குள் சூட்டை ஏற்றிவிட்டார்கள். கேட்டால், "சார், நாளைக்குள்ள முடிக்கணும்னு மேலேர்ந்து போன்."

அந்த இணைப்பை வெட்டி எடுத்து மறுபடி செய்ய நாலு நாள். அல்ட்ரா நிலையத்துக்கும் பழைய நிலையத்துக்கும் விலை வித்தியாசம் எங்கே போகிறது என்று யாராவது கேட்டால் எனக்கு அந்த மை கோடுதான் ஞாபகம் வரும். ஜெர்மனியில் டாட்டெல்ன் நான்காம் அலகின் பாய்லரில் டி24 என்ற இன்னொரு புது எஃகு விரிசல் விட்டு, குழாய்களை மாற்ற நேர்ந்தது. நிலையம் 2020 மே மாதம்தான் வணிக ஓட்டத்துக்கு வந்தது.

17 ஆகஸ்ட் 2025

இனி புகை கழுவுவது. என் கட்சிக்கு நல்ல சாட்சி இங்கேதான்.

எஃப்ஜிடி என்பது கொள்கையில் எளிய சமாசாரம். சுண்ணாம்புக்கல்லை அரைத்துத் தண்ணீரில் கரைத்துப் புகையின் மேல் மழையாகக் கொட்டுவார்கள். கந்தக டை ஆக்சைடு சுண்ணாம்போடு சேர்ந்து ஜிப்சமாகிவிடும். இது மின்சாரத்தைக் கூட்டாது, நிலக்கரியையும் மிச்சப்படுத்தாது. மாறாக நிலையத்தின் உற்பத்தியில் ஒன்று, ஒன்றரை சதவீதத்தைத் தின்னும். எந்த முதலாளி ஆசைப்பட்டு வாங்குவார்?

நான் கொஞ்ச நாள் இருந்த ஒரு நிலையத்தில் (பெயர் வேண்டாம்) எஃப்ஜிடி புத்தம் புதிதாக நின்றது. அதன் பக்கத்திலேயே பைபாஸ் வழி. புகையைக் கழுவும் கோபுரத்துக்குள் விடாமல் நேராகப் புகைபோக்கிக்கு அனுப்பும் கதவு அது. அவசரத்துக்கு என்று வைத்தது. பகலில் மூடியிருக்கும். ராத்திரி ஷிப்டில் பம்புகளின் சத்தம் நின்றுவிடும். முதல் வாரம் நான் ஏதோ பழுது என்றே நினைத்தேன். இரண்டாம் வாரம் கட்டுப்பாட்டு அறையில் ஒருவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "இருட்டுல புகை யாருக்குத் தெரியும்?"

சீனா இந்த விளையாட்டைப் பார்த்துப் பார்த்துத்தான் விதி எழுதியது. கந்தகம் நீக்கிய மின்சாரத்துக்கு யூனிட்டுக்கு 0.015 யுவான் கூடுதல் விலை. கூடவே புகைபோக்கியில் புகையை அளக்கும் ஆன்லைன் கருவி, ஓட்டாவிட்டால் அந்தக் கூடுதல் காசு பறிபோகும். அப்புறம் பைபாஸ் கதவுகளுக்கு ஈய முத்திரை, கடைசியில் பைபாஸையே அகற்றச் சொன்னார்கள். 2014இல் இன்னொரு படி மேலே: ஒரு கன மீட்டர் புகையில் தூசு 10 மில்லிகிராம், கந்தக டை ஆக்சைடு 35, நைட்ரஜன் ஆக்சைடுகள் 50. உலகின் மிகப் பெரிய எஃப்ஜிடி சந்தை அங்கே உருவானது இப்படித்தான்.

இந்தியா 2015 டிசம்பரில் விதி போட்டது. இரண்டு வருடக் கெடு. கெடு நீண்டது, மறுபடி நீண்டது. போன மாதம், அதாவது 2025 ஜூலையில், கிட்டத்தட்ட ஐந்தில் நாலு பங்கு அலகுகளுக்கு விலக்கே கொடுத்துவிட்டார்கள். தொழில்நுட்பம் ஒன்றே. ஒரு சந்தை உப்பியது, இன்னொன்று ஒரே அறிவிப்பில் சுருங்கியது. வளர்ச்சி விகிதம் போடுபவர்கள் இதை எந்தச் சூத்திரத்தில் சேர்ப்பார்கள்?

18 ஆகஸ்ட் 2025

"இந்திய நிலக்கரியில் கந்தகம் அரை சதவீதம்தான், சாம்பல்தான் முப்பது நாற்பது சதவீதம், அங்கே எஃப்ஜிடியை விடத் தூசு வடிகட்டிதானே முக்கியம்?" என்று தனியாக எழுதிக் கேட்டார் ஒருவர். நியாயமான கேள்வி. மறுக்கவில்லை. ஆனால் அது விதி நல்லதா கெட்டதா என்ற வாதம். நான் சொன்னது விதி போனால் சந்தை போகும் என்பதை மட்டும்.

கொசுறு: கழுவிக் கிடைக்கும் ஜிப்சம் வீட்டுச் சுவர்ப் பலகை செய்யப் போகிறது. பிரிட்டனின் கடைசி நிலக்கரி நிலையம் ராட்கிளிஃப் 2024 செப்டம்பர் 30 அன்று நின்றது. நிலையங்கள் நிற்க நிற்க, பலகை செய்பவர்கள் ஜிப்சத்துக்கு மறுபடி சுரங்கத்தைத் தேட வேண்டியதாயிற்று.

31 ஆகஸ்ட் 2025

ரெண்டு வாரமாக ஒரு விஷயம் உறுத்துகிறது. சட்டம்தான் வாங்குகிறது என்று அடித்துச் சொன்னேன். டென்மார்க்கின் நோர்ட்யுல்லாண்ட் மூன்றாம் அலகு 1998லேயே 47 சதவீதம் எட்டியது. இத்தனை சதவீதம் எட்டியாக வேண்டும் என்று எந்தச் சட்டமும் கேட்டு எட்டியதில்லை. ஜப்பானும் அப்படித்தான். யோகொஹாமாவின் இசோகோவில் நகரத்துக்குள்ளேயே பழைய நிலையத்தை இடித்துவிட்டு 600 மெகாவாட் அலகுகள் இரண்டை 2002லும் 2009லும் கட்டினார்கள். (இசோகோவின் புகைச் சுத்தம் மட்டும் நகரத்தோடு போட்ட ஒப்பந்தத்தின் வேலை. அது என் கட்சிக்குத்தான்.)

இரண்டு நாடுகளுமே நிலக்கரியைக் கப்பலில் வாங்குபவர்கள். விலை கொடுத்து வாங்கும் கரியில் பத்து சதவீதம் மிச்சம் என்றால் அது பணம். சுரங்கத்து வாசலிலேயே நிலையம் வைத்திருப்பவருக்கு அந்த ஆசை வராது. ஆகவே திருத்தம்: பாய்லரை வாங்குவது கரியின் விலை. புகை கழுவியை வாங்குவது சட்டம்.

டென்மார்க்கின் அந்த 47இல் குளிர்ந்த கடல்நீருக்கும் ஒரு பங்கு உண்டு. டர்பைனை விட்டு வரும் நீராவியைத் தண்ணீராக்கும் கண்டென்சர் எவ்வளவு குளிர்கிறதோ அவ்வளவு லாபம். வெப்ப நாட்டில் அதே இயந்திரத்தை வைத்தால் அந்த எண் வராது. விற்பனைப் பிரதிநிதிகள் இதைச் சொல்ல மாட்டார்கள்.

14 செப்டம்பர் 2025

கரியமில வாயுவைப் பிடிப்பது பற்றி எழுதாமல் தள்ளிக்கொண்டே வந்தேன். எழுத ஆரம்பித்தால் கோபம் வரும் என்று தெரியும்.

அமெரிக்காவில் ஃபியூச்சர்ஜென் என்ற, கரியமில வாயுவைப் பிடிக்கும் நிலக்கரி நிலையத் திட்டம் 2003இல் அறிவிக்கப்பட்டது. 2008இல் கைவிடப்பட்டது. 2010இல் 2.0 என்று வேறு வடிவில் எழுந்தது, 2015இல் மறுபடி படுத்தது. மிசிசிப்பியின் கெம்பர் நிலையம் லிக்னைட்டை வாயுவாக்கி, கரியமில வாயுவைப் பிரித்து, மிச்சத்தை எரிக்கும் என்றார்கள். மூன்று பில்லியன் டாலருக்குள் முடியும் என்று தொடங்கியது ஏழரை பில்லியனில் போய் நின்றது. 2017 ஜூனில் வாயுவாக்கும் பகுதியைக் கைவிட்டு இயற்கை எரிவாயு நிலையமாக ஓட்டினார்கள். 2021இல் அந்தக் கட்டமைப்பை வெடி வைத்துத் தகர்த்தார்கள். இந்தியானாவின் எட்வர்ட்ஸ்போர்ட் ஐஜிசிசி சுமார் மூன்றரை பில்லியனை விழுங்கினாலும் 2013இல் ஓட ஆரம்பித்தது, அதையாவது சொல்ல வேண்டும்.

கனடாவின் பவுண்டரி டாம் மூன்றாம் அலகு வேறு ரகம். பழைய நிலையத்தின் பின்னால் அமீன் கரைசல் கோபுரம். குளிர்ந்த அமீன் புகையிலிருந்து கரியமில வாயுவை உறிஞ்சிக்கொள்ளும். சுமார் 120 டிகிரிக்குச் சூடாக்கினால் கக்கிவிடும். கேட்க எவ்வளவு சுலபம்! அந்தச் சூட்டுக்கு நீராவி வேண்டும். டர்பைனுக்குப் போக வேண்டிய நீராவியை அங்கே திருப்ப வேண்டும். நிலையத்தின் மின்சாரத்தில் கால் பங்கு அளவுக்கு இந்த ஒரு வேலைக்கே போய்விடலாம். 2014 அக்டோபரில் தொடங்கியபோது வருடம் பத்து லட்சம் டன் என்றார்கள். 2023 வாக்கில்தான் மொத்தம் ஐம்பது லட்சத்தைத் தொட்டது. வில்லன் யாரென்றால் சாம்பல். மாவு மாதிரிச் சாம்பல் அமீனுக்குள் புகுந்து குழாயை அடைக்கிறது, கரைசலைக் கெடுக்கிறது. பக்கத்து அலகுகளுக்கு இதைச் செய்ய வேண்டாம் என்று அந்த நிறுவனமே 2018இல் முடிவெடுத்தது.

டெக்சாஸின் பெட்ரா நோவா, 2017 ஜனவரி. பட்ஜெட்டுக்குள், சொன்ன தேதியில் முடிந்தது. இந்தத் துறையில் அது அதிசயம். 240 மெகாவாட்டுக்குச் சமமான புகையை எடுத்து வருடம் 14 லட்சம் டன் பிடிக்கும் திட்டம். நீராவிக்கு? தனியாக ஓர் எரிவாயு டர்பைன் வைத்தார்கள். நிலக்கரிப் புகையைப் பிடிக்க எரிவாயுவை எரித்தார்கள், அந்த எரிவாயுவின் புகையைப் பிடிக்கவில்லை. பிடித்த வாயு 80 மைல் குழாயில் எண்ணெய் வயலுக்குப் போய், கீழே கிடக்கும் எண்ணெயைத் தள்ளி மேலே கொண்டுவந்தது. 2020இல் எண்ணெய் விலை விழுந்தது, மே மாதம் மூடினார்கள். 2023 செப்டம்பரில் மறுபடி திறந்தார்கள்.

கவனியுங்கள், நிறுத்தியது தொழில்நுட்பம் இல்லை, எண்ணெய் விலை. இந்தக் கருவியின் உண்மையான வாடிக்கையாளர் எண்ணெய் வயல்.

15 செப்டம்பர் 2025

நேற்று கொஞ்சம் சூடாகிவிட்டேன். ஒன்றை விட்டுவிட்டேன்: அமெரிக்காவின் 45கியூ வரிச் சலுகை. 2022 சட்டத்தில் மண்ணுக்குள் சேமித்தால் டன்னுக்கு 85 டாலர், எண்ணெய் எடுக்கப் பயன்படுத்தினால் 60. இந்த வருடச் சட்டம் இரண்டையும் 85 ஆக்கிவிட்டது. ஆக வரிக் கணக்கரும் ஒரு வாடிக்கையாளர். சட்டமா, விலையா என்று பிரித்தேனே, இங்கே இரண்டும் ஒன்றாகக் குழம்பிக் கிடக்கின்றன.

கெம்பர் பற்றி இன்னொன்று. தகர்த்த பிறகும் அதன் படத்தை ஒரு விளக்கக்காட்சியில் "எதிர்கால முன்மாதிரி" என்று பார்த்தேன். கையைத் தூக்கினேன். தேநீர் இடைவேளை அறிவித்துவிட்டார்கள்.

5 அக்டோபர் 2025

"விற்பவர்கள் யார் என்று சொல்லவே இல்லையே" என்று கேள்வி கேட்ட நண்பர் நினைவூட்டினார்.

2020 ஒரு விளிம்பு. அந்த செப்டம்பரில் ஜெனரல் எலக்ட்ரிக் புது நிலக்கரி நிலையச் சந்தையை விட்டு வெளியேறுவதாக அறிவித்தது. நவம்பரில் சீமென்ஸ் எனர்ஜியும் தோஷிபாவும் புது ஒப்பந்தம் எடுப்பதை நிறுத்தின. ஒழுக்கம் மட்டும் காரணம் என்று நான் நம்பவில்லை. கடன் வற்றிவிட்டது. பணக்கார நாடுகளின் ஏற்றுமதிக் கடன் (தங்கள் கருவியை வாங்க வெளிநாட்டுக்குத் தரும் கடன்) அவர்கள் தங்களுக்குள் போட்ட 2015 ஒப்பந்தத்திலேயே பெரும்பாலும் அல்ட்ராவுக்கு மட்டும் என்று சுருங்கியது. 2021இல் கரியமில வாயுவைப் பிடிக்காத நிலையங்களுக்கு அடியோடு நின்றது. அதே வருடம் செப்டம்பரில் ஐ.நா. சபையில் ஷி ஜின்பிங் வெளிநாட்டில் புது நிலக்கரி நிலையம் கட்ட மாட்டோம் என்றார்.

மிச்சம்? சீனாவின் உள்நாடு. 2024இல் மட்டும் 94.5 ஜிகாவாட் கட்டுமானம் தொடங்கியது. ஷாங்காய், டோங்ஃபாங், ஹார்பின் என்று மூன்று பெரிய ஆலைகள் அதைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. "உலகச் சந்தை" என்று அறிக்கை சொல்வதில் பெரும் பகுதி வெளியாள் நுழைய முடியாத ஒரு நாட்டின் கொள்முதல். மற்றவர்களுக்கு உதிரி பாகமும் பராமரிப்பும்தான். நிலக்கரி ஓயலாம், ஓடிக்கொண்டிருக்கும் பாய்லருக்குக் குழாய் தேய்ந்துகொண்டேதான் இருக்கும். நண்பரின் முதல் கேள்விக்கு என் பதில் அநேகமாக இதுதான்.

19 அக்டோபர் 2025

ஆகஸ்ட் 4ஆம் தேதிக் குறிப்பை மறுபடி படித்தேன். 45 சதவீதம் என்று பெருமையாக எழுதியிருக்கிறேன். அது முழுச் சுமையில்.

சூரிய மின்சாரம் வந்த பிறகு நிலக்கரி நிலையங்கள் பகலில் முக்கால்வாசி, பாதி, அதற்கும் கீழே ஓடுகின்றன. இந்தப் பாய்லர்களில் சுமை குறையும்போது அழுத்தத்தையும் இறக்குவார்கள். முக்கால் சுமைக்குச் சற்றுக் கீழே வரும்போது அழுத்தம் நான் சொன்ன 221 பார் எல்லையைத் தாண்டிக் கீழே இறங்கிவிடும். கோடி கோடியாகக் கொட்டி வாங்கிய சூப்பர்கிரிட்டிக்கல் நிலையம் மத்தியானம் சப்கிரிட்டிக்கலாக ஓடிக்கொண்டிருக்கும்! தினமும் ஏறி இறங்கும் வெப்பத்தில் நான் சொன்ன அந்த பி91 இணைப்புகள் என்ன பாடுபடும் என்று யோசித்தால் எனக்கே வயிறு கலங்குகிறது.

அதனால் இப்போது விற்பது வேறு: குறைந்த சுமையில் அணையாமல் எரியும் பர்னர், கட்டுப்பாட்டு மென்பொருள். சீனா 2024 ஜனவரியிலிருந்து நிலக்கரி நிலையங்களுக்குத் தயாராக நிற்பதற்கே காசு கொடுக்கிறது. கிலோவாட்டுக்கு வருடம் 330 யுவான் என்று செலவைக் கணக்கிட்டு அதில் ஒரு பகுதியைத் தருகிறார்கள். இதையும் "தூய நிலக்கரி"யில் சேர்ப்பார்களோ என்னவோ.

ஜப்பான், எரித்தால் கரியமில வாயு வராத அம்மோனியாவைக் கரியோடு கலந்து எரித்துப் பார்க்கிறது. ஹெகினான் நான்காம் அலகில் 2024இல் 20 சதவீதம் வரை எரித்துக் காட்டினார்கள். மிச்ச 80 சதவீதம் கரியேதான். அந்த அம்மோனியாவை எதிலிருந்து செய்தார்கள் என்று கேட்டால் பேச்சு வேறு பக்கம் போய்விடும்.

2 நவம்பர் 2025

பைபாஸ் கதை எழுதினேனே, அந்த நிலையத்தில் என்னோடு இருந்த ஒருவர் இதைப் படித்துவிட்டுப் போன் செய்தார். "இருட்டுல புகை யாருக்குத் தெரியும்" என்று சொன்னது அவர் இல்லையாம், ஷிப்ட் பொறுப்பாளராம். எனக்கு அவர் முகம்தான் ஞாபகம் இருந்தது. திருத்திக்கொள்கிறேன்.

அந்தக் கதவை இப்போது எடுத்துவிட்டார்களாம். திறப்பின் மேல் இரும்புத் தகடு வைத்துச் சுற்றிலும் வெல்டு பண்ணி மூடிவிட்டார்களாம். ராத்திரியிலும் பம்பு ஓடுகிறதாம். வெல்டிங்கை யார் சோதித்தார்கள் என்று கேட்க மறந்துவிட்டேன்.